குண்டூசியும் அட்டவணையும்

தேவாரத் தலங்களை வரிசைப்படுத்தும் எந்தப் பட்டியலைத் திறந்தாலும் சோழநாடுதான் முன்னால் நிற்கும். அதிலும் முதலில் காவிரி வடகரை, 63 தலங்கள். அடுத்தது காவிரித் தென்கரை, 127. கோயில் கல்வெட்டிலிருந்து 1917இல் பதிகம் கிடைத்த திருவிடைவாயையும் சேர்த்தால் 128. இந்த எண்களை மனப்பாடமாகச் சொல்லிய காலத்தில் ‘கரை’ என்ற சொல் எவ்வளவு தூரத்துக்கு நீள்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. எங்கள் துறை ஆய்வு மாணவி ஒருத்தி கேட்டாள்: “ஐயா, வேதாரண்யம் எப்படிக் காவிரிக் கரை ஆகும்?”

கேள்வி நியாயமானது. வேதாரண்யம் என்ற திருமறைக்காடு தென்கரைத் தலங்களில் ஒன்று. அங்கிருந்து மயிலாடுதுறைக்குப் பேருந்தில் போனவர்களுக்கு அந்தத் தூரம் தெரியும். எவ்வளவு என்று சொல்ல அளந்தாக வேண்டும். ஒரு தலத்துக்கு அளந்தால் போதாது, இரு கரையிலுமுள்ள நூற்றுத் தொண்ணூறு சொச்சம் தலங்களுக்கும் அளக்க வேண்டும். அப்போதுதான் ‘கரை’ என்று பட்டியல் எதைக் குறிக்கிறது என்று பேச வாய் வரும். அந்த ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு மென்பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கற்றோம். ஒன்று கூகுள் எர்த். மற்றது கியூஜிஐஎஸ்.

இலக்கியமோ வரலாறோ நாட்டார் வழக்காறோ படிப்பவர்கள் கணினி வரைபடத்துக்குள் நுழைய இன்று பெரும்பாலும் திறந்திருப்பவை இந்த இரண்டு வாசல்கள்தாம். இரண்டுக்கும் காசு வேண்டாம். எதை முதலில் கற்பது, எது எதுவரை வரும் என்று பலர் கேட்கிறார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆய்வாளருக்குத் தெரிந்ததைக் காட்டும் கருவிகள் நிறைய உண்டு. தெரியாததையும், அரைகுறையாகத் தெரிந்ததையும் எழுதிவைக்க இடம் தரும் கருவியே நமக்கு வேண்டியது. அந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

கூகுள் எர்த் 2005இல் வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு கூகுள் வாங்கிய கீஹோல் என்ற நிறுவனத்தின் மென்பொருள்தான் அதன் அடிப்படை. முன்பு காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த அதன் புரோ பதிப்பு 2015 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. கற்றுக்கொள்ள ஒரு பிற்பகல் போதும். தேடும் கட்டத்தில் ‘திருவையாறு’ என்று அடித்தால் உருண்டை சுழன்று, இறங்கி, கோயில் மதில்மேல் போய் நிற்கிறது. மாணவி கண் விரியப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபுரத்தின் நிழல் விழும் திசை, கோயிலைச் சுற்றி ஓடும் வீதிகள், தெற்கே காவிரி. கொஞ்சம் விலகி மேலே வந்தால் தஞ்சாவூரிலிருந்து வரும் சாலை வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளையும் வரிசையாகத் தாண்டுவது ஒரே பார்வையில் தெரிகிறது. ஊர்ப்பெயரின் பொருளை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அன்று அவள் அதைத் தானே விரலால் எண்ணினாள்.

இந்தப் பார்வையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. பதிகங்களில் வரும் வயலும் ஆறும் மலையும் ஓர் இலக்கிய மாணவருக்கு வெறும் வருணனையாகவே நின்றுவிடும் அபாயம் உண்டு. கூகுள் எர்த்தில் நிலத்தைச் சாய்த்துப் பார்த்தால் திருச்செங்கோட்டு மலை சமவெளியிலிருந்து எழும் விதம் புரிகிறது. பழைய படங்களுக்குப் போகும் பொத்தானை இழுத்தால் ஒரே ஆறு ஒரு கோடையில் மணலாகவும் மற்றொரு பருவத்தில் நீராகவும் கிடப்பதைப் பார்க்கலாம். களத்துக்குப் போவதற்கு முந்தைய இரவு இதில் ஒரு மணிநேரம் செலவழித்தவர் களத்தில் கேட்கும் கேள்விகளே மாறிவிடும். என் மாணவர்கள் எல்லோரையும் இதிலிருந்துதான் தொடங்கச் சொல்கிறேன்.

அடுத்தது குண்டூசி. கூகுள் எர்த்தில் ஓர் இடத்தைக் குறித்தால் மஞ்சள் நிறத்தில் ஒரு குண்டூசி நிற்கும். பெயர் எழுதலாம், கீழே குறிப்பு எழுதலாம், படம் ஒட்டலாம். மாணவி இரண்டே நாளில் ஐம்பது அறுபது குண்டூசிகளைக் குத்திவிட்டாள். பாடியவர், பதிக எண்ணிக்கை, பண், இன்றைய ஊர்ப்பெயர் எல்லாவற்றையும் குறிப்புக் கட்டத்துக்குள் வரிவரியாக எழுதினாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. “சுந்தரர் மட்டும் பாடிய தலங்களைக் காட்டும்மா” என்றேன். கைகள் நின்றுவிட்டன. குறிப்புக் கட்டத்தில் எழுதியது வெறும் எழுத்து. அதைக் கேள்வி கேட்க முடியாது. ஒவ்வொரு குண்டூசியாகத் திறந்து படித்து, கையால் நிறம் மாற்ற வேண்டும். கூகுளின் மை மேப்ஸ் இதில் ஒரு படி மேல் என்பதையும் சொல்ல வேண்டும். அட்டவணையை அப்படியே ஏற்றலாம், ஒரு பத்தியின்படி நிறம் பிரிக்கலாம். வகுப்பறைப் பயிற்சிக்கும் சிறிய கட்டுரைக்கும் அது தாராளமாகப் போதும்.

என்னை உறுத்தியது வேறொன்று. பட்டியலின் கடைசியில் வடநாட்டுத் தலங்கள் 5. திருப்பருப்பதம் என்பது ஸ்ரீசைலம், திருக்கேதாரம் என்பது கேதார்நாத். இவற்றில் சிக்கல் இல்லை. இந்திரநீலப்பருப்பதமும் அநேகதங்காவதமும் இமயத்தில் எங்கே என்பதற்கு மரபு சில இடங்களைக் காட்டுகிறது, ஆனால் திருவையாற்றைக் காட்டுவதுபோல் விரல் நீட்டிக் காட்ட முடியாது. ஐந்தாவது நொடித்தான்மலை, கயிலாயம். அது ஒரு முழு மலை, அதற்கும் மேல் ஒரு நம்பிக்கை. இந்த மூன்றுக்கும் மாணவி குண்டூசி குத்தியிருந்தாள். திருவையாற்றுக் கோபுரத்தின்மேல் நின்ற அதே மஞ்சள் நிறம், அதே அளவு, அதே கூர்மை. கணினித் திரையைப் பார்ப்பவர் இரண்டும் ஒரே உறுதியோடு சொல்லப்பட்டவை என்றுதான் எடுத்துக்கொள்வார். நாம் எங்கேயும் பொய் எழுதவில்லை. ஆனாலும் படம் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த இடத்தில்தான் கியூஜிஐஎஸ் பக்கம் திரும்பினோம்.

கேரி ஷெர்மன் என்பவர் 2002இல் தொடங்கி, பிறகு உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் வளர்த்தெடுத்த மென்பொருள் இது. திறந்தவுடன் உருண்டை சுழலாது. வெள்ளைத் திரையும் நூறு பொத்தான்களும்தான் வரவேற்கும். எங்கேயாவது போய் நிற்க வேண்டுமானால் நாம்தான் ஏதாவது கொண்டுவந்து போட வேண்டும். அது முதலில் கேட்பது அட்டவணையை. ஒரு வரிசைக்கு ஓர் இடம், ஒரு பத்திக்கு ஒரு செய்தி. குறிப்புக் கட்டத்தில் கலந்து கிடந்ததையெல்லாம் பிரித்து எழுத மாணவிக்கு ஒரு மாதம் ஆயிற்று. அந்த மாதம் வீணாகிவிட்டது என்று அவள் அப்போது நினைத்தாள். அவளுடைய ஆய்வின் மிக நல்ல மாதம் அதுதான் என்று இன்றும் சொல்வேன். பிரித்து எழுதும்போதுதான் எது தெரியும், எது தெரியாது என்று கண்ணில் பட ஆரம்பித்தது.

முதல் தடுமாற்றம் சீர்காழியில் வந்தது. பிரமபுரம், வேணுபுரம், புகலி, வெங்குரு, தோணிபுரம், பூந்தராய், சிரபுரம், புறவம், சண்பை, சீகாழி, கொச்சைவயம், கழுமலம் என்று பன்னிரண்டு பெயர்களில் சம்பந்தர் பாடிய ஊர் அது. ஒரு வரிசையில் பன்னிரண்டு பெயரை எப்படி எழுதுவது? பன்னிரண்டு வரிசை எழுதினால் ஒரே ஊர் பன்னிரண்டு புள்ளியாகிவிடும். எதிர்த்திசையில் பனங்காட்டூர். நடுநாட்டில் புறவார் பனங்காட்டூர், தொண்டைநாட்டில் வன்பார்த்தான் பனங்காட்டூர். பெயர் ஒன்று, ஊர் இரண்டு. கடைசியில் அட்டவணையை இரண்டாக உடைத்தோம். ஒன்றில் இடங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். மற்றதில் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் அது எந்த எண்ணுள்ள இடத்தைச் சேர்ந்தது, எந்தப் பதிகத்தில் வருகிறது என்ற விவரம். கிரேக்க, ரோமானிய உலகத்தின் ஊர்களைத் தொகுக்கும் பிளையடீஸ் என்ற இணையத் தொகுப்பு இதையே செய்கிறது. அங்கே இடம் வேறு, பெயர் வேறு, அந்த இடம் நிலத்தில் அமைந்திருக்கும் புள்ளி வேறு. ஒவ்வொன்றின் உறுதிநிலையையும் தனியாகக் குறிக்கிறார்கள். நம் தலப்பெயர்களின் சிக்கலுக்காகவே யோசித்துச் செய்ததுபோல் இருந்தது எனக்கு.

இரண்டாவது, ‘உறுதி’ என்று ஒரு பத்தி சேர்த்தோம். கோயில் இன்றும் வழிபாட்டில் இருந்து, ஐயமில்லாமல் அடையாளம் காணப்பட்டால் 1. மரபு ஒரு கோயிலைச் சொல்கிறது, மாற்றுக் கருத்தும் உண்டு என்றால் 2. வட்டாரம் மட்டும் தெரியும் என்றால் 3. எங்கே என்றே தெரியாவிட்டால் 4, அட்சரேகை தீர்க்கரேகைப் பத்திகள் காலி. பத்தி காலியாக இருந்தாலும் வரிசை அட்டவணையில் இருக்கும். படத்தில் புள்ளி வராது, எண்ணிக்கையில் வரும். பதிகங்களுக்குள் போகிற போக்கில் பெயர் மட்டும் வந்து, தனிப் பதிகம் இல்லாத வைப்புத் தலங்களைச் சேர்க்கத் தொடங்கியபோது இந்தப் பத்தியின் அருமை தெரிந்தது. கியூஜிஐஎஸ் இந்தப் பத்தியைப் பார்த்துத் தானே குறியீடு மாற்றும். 1 என்றால் நிரம்பிய வட்டம், 2 என்றால் வெறும் வட்டம், 3 என்றால் மங்கலான பரப்பு. கயிலாயம் திருவையாற்றோடு ஒரே முகத்தில் நின்ற நிலை போயிற்று.

கூகுள் எர்த்திலும் வெறும் வட்டம் வரைய முடியாதா என்று கேட்கலாம். முடியும், குத்திவைத்த குண்டூசிகளைக் கையால் ஒவ்வொன்றாக மாற்றி. குண்டூசி குத்துவது அங்கே இயல்பாக வருகிறது, ஐயப்படுவதற்குக் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. கியூஜிஐஎஸ்ஸில் ஐயமும் ஒரு பத்திதான். கருவி எதைச் சுலபமாக்குகிறதோ அதைத்தான் களைத்த ஆய்வாளர் இரவு பதினொரு மணிக்குச் செய்வார். அதனால் இந்த வேறுபாட்டை நான் சின்னதாக நினைக்கவில்லை.

இந்த வேலையெல்லாம் கணினியோடு பிறந்ததும் அல்ல. எ. சுப்பராயலு சோழநாட்டின் அரசியல் நிலவியலைப் பற்றி 1973இல் வெளியிட்ட ஆங்கில நூல் கல்வெட்டுகளில் வரும் ஊர்ப்பெயர்களைக் கொண்டு நாடுகளின் எல்லைகளை நிலத்தில் வைத்துக் காட்டியது. ஒரு கல்வெட்டு ஓர் ஊரை இன்ன நாட்டைச் சேர்ந்தது என்கிறது. அந்த ஊர்ப்பெயர் இன்றைய கிராமப் பட்டியலில் கொஞ்சம் உருமாறி நிற்கிறது. அப்படிப் பல ஊர்கள் ஒன்றுகூடினால் நாட்டின் பரப்பு துலங்குகிறது. ஒரே பெயரில் இரண்டு கிராமங்கள் இருந்தால் பக்கத்து ஊர்களை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். பின்னாளில் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் அவர் ஈடுபட்ட தென்னிந்திய வரலாற்று நிலப்பட வேலை இதே முறையைக் கணினிக்குக் கொண்டுவந்தது. கியூஜிஐஎஸ் கற்கும் ஒவ்வொரு தமிழ் மாணவரும் அந்த 1973ஆம் ஆண்டு நூலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஊர்ப்பெயரை அடையாளம் காணும் பொறுமையை எந்தப் பொத்தானும் தராது.

இனிக் கியூஜிஐஎஸ்ஸின் கடினமான பக்கம். அதை மறைத்துப் பேசினால் கற்கப் போகிறவர்களுக்குத் துரோகம் செய்தவனாவேன்.

நாங்கள் ஏற்றிய முதல் அட்டவணையில் திருவையாறு காணாமல் போயிற்று. தமிழ்நாட்டில் எங்கும் இல்லை. படத்தைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தால், நார்வேக்கும் வடக்கே, ஸ்வால்பார்ட் தீவுகளை ஒட்டிய பனிக்கடலில் நம் தலங்கள் எல்லாம் ஒரு சின்னக் கொத்தாகக் கிடந்தன. அட்சரேகை 10.88, தீர்க்கரேகை 79.10 என்பதை இடம் மாற்றிக் கொடுத்துவிட்டோம். பேச்சில் அட்சரேகையை முதலில் சொல்கிறோம். கணினி எக்ஸ், ஒய் என்று கேட்கும்போது தீர்க்கரேகைதான் முதலில் வர வேண்டும். கூகுள் எர்த் சேமிக்கும் கேஎம்எல் கோப்பின் உள்ளேயும் அதே வரிசைதான், ஆனால் அது நம் கண்ணுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்கிறது. வடதுருவத்துக்குப் பக்கத்தில் ஊர்களைத் தேடும் அனுபவம் இந்த மென்பொருளைக் கற்கும் பலருக்கும் ஒருமுறை வாய்க்கும்.

அடுத்தது நான் செய்த தவறு. ஒவ்வொரு தலத்தைச் சுற்றியும் 5 கிலோமீட்டர் வட்டம் போட நினைத்து, பஃபர் என்ற கட்டளையில் 5 என்று அடித்தேன். பக்கத்தில் சிறிய எழுத்தில் டிகிரி என்று இருந்ததை நான் கவனிக்கவில்லை. 5 டிகிரி என்றால் ஏறத்தாழ 550 கிலோமீட்டர். திருவையாற்றைச் சுற்றி எழுந்த வட்டம் கேரளத்தையும் பெங்களூரையும் இலங்கையின் பெரும்பகுதியையும் விழுங்கிக்கொண்டு நின்றது. மீட்டரில் அளக்க வேண்டுமானால் உருண்டையைத் தட்டையாக்கும் ஒரு முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். யுடிஎம் என்ற முறையில் உலகம் 6 டிகிரி அகலமுள்ள பட்டைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. காவிரியின் இரு கரைத் தலங்களும் 44ஆவது பட்டைக்குள் வந்துவிடும். கொங்குநாட்டுத் தலங்கள் 7இல் சிக்கல் உண்டு, ஏனென்றால் பட்டையின் எல்லை 78 டிகிரி தீர்க்கரேகையில் ஓடுகிறது. கருவூர் ஒரு பக்கம், அவிநாசி மறுபக்கம். அங்கே எந்தப் பட்டையில் அளந்தோம் என்று எழுதிவைக்க வேண்டும். இந்த ஒரு பாடத்தில்தான் பாதிப் பேர் கியூஜிஐஎஸ்ஸைக் கைவிடுகிறார்கள். ஆசிரியர் பக்கத்தில் உட்கார வேண்டிய நேரம் அது.

தமிழுக்கென்றே ஒரு தொல்லையும் உண்டு. பல பயிற்சிகள் ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வடிவத்தில் சேமிக்கச் சொல்கின்றன. அதில் பத்தித் தலைப்புக்குப் 10 பைட்டுதான் இடம். யுனிகோடு யுடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட்டு வேண்டும், உயிர்மெய்யின் துணைக்குறியும் தனிக் கணக்கு. ‘பாடியவர்’ என்ற தலைப்பும் ‘பாடல் தொகை’ என்ற தலைப்பும் ‘பாட’ என்பதோடு வெட்டுண்டு, எது எதுவென்று தெரியாமல் நின்றன. ஜியோபேக்கேஜ் என்ற வடிவத்தில் சேமித்தால் இந்தத் தொல்லை இல்லை. தமிழில் வேலை செய்கிறவர்கள் முதல் நாளிலிருந்தே அதில்தான் சேமிக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பட்டியல் கையில் இருந்தால் முதலில் யுனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும். கூகுள் எர்த்தில் இந்தக் கவலை ஏதும் வரவில்லை, பெயரைத் தமிழில் அடித்தோம், தமிழில் நின்றது. அது அதன் பெரிய நன்மை.

பழைய வரைபடத்தை இன்றைய நிலத்தின்மேல் விரித்துப் பொருத்தும் வேலையில் இரண்டின் குணமும் பளிச்சென்று தெரியும். கூகுள் எர்த்தில் படத்தை ஏற்றி, நான்கு மூலையையும் இழுத்து, மங்கலாக்கி, கண் ஒத்துக்கொள்ளும்வரை நகர்த்தலாம். ஐந்து நிமிட வேலை. கியூஜிஐஎஸ்ஸின் ஜியோரெஃபரன்சரில் பழைய படத்தில் ஒரு புள்ளி, இன்றைய நிலத்தில் அதே புள்ளி என்று பத்துப் பதினைந்து இணைகளைக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு இணையும் எவ்வளவு பிசகியது என்று அது எண்ணாகச் சொல்லும். கோபுரத்தையும் கல்லணையையும் ரயில் பாலத்தையும் நம்பலாம், ஆற்று வளைவையும் கடற்கரையையும் நம்பக் கூடாது என்பதை அந்த எண்கள்தாம் எங்களுக்குப் புரியவைத்தன. லாம்டன் என்பவர் 1802இல் சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில் தொடங்கிய முக்கோண அளவையின் வழியில் வந்த பழைய இந்திய வரைபடங்கள் எவரெஸ்ட் என்ற உருண்டைக் கணக்கை வைத்தவை. இன்றைய ஜிபிஎஸ் வேறு கணக்கு. அந்தப் படத்தின் கட்டங்களை அப்படியே நம்பினால் ஊர் நூறு மீட்டருக்கும் மேல் தள்ளிப்போகும். கண்ணால் இழுத்துப் பொருத்தியவருக்கு இந்தப் பிசகு தெரியவே தெரியாது.

மாணவியின் கேள்விக்கு வருகிறேன். காவிரியின் கோட்டை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்திலிருந்து எடுத்தோம். அது துண்டு துண்டாக வந்தது, ஒட்டி ஒரே கோடாக்கினோம். 44ஆவது பட்டைக்கு மாற்றினோம். ஒவ்வொரு தலத்துக்கும் மிக அருகிலுள்ள காவிரிப் புள்ளி எது, எவ்வளவு தூரம் என்று கேட்டோம். கூகுள் எர்த்தின் அளவுகோலை வைத்து இழுத்திருந்தால் நூற்றுத் தொண்ணூறு முறை இழுத்திருக்க வேண்டும். இங்கே ஒரே கட்டளையில் புதிய பத்தி நிரம்பிவிட்டது. வேதாரண்யம் காவிரியிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். வடகரைப் பட்டியலின் தலைமகனான சிதம்பரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர், நடுவில் கொள்ளிடம் வேறு ஓடுகிறது. திருவையாறோ ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. ஆக, பட்டியலில் உள்ள ‘கரை’ நீர் தொடும் கரையைச் சொல்லவில்லை. சோழநாடு முழுவதையும் ஓர் ஆற்றால் இரண்டாக வகிர்ந்து, அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று சொல்லும் நாட்டுப்பிரிவு அது.

இதை எழுதும்போதே இரண்டு எச்சரிக்கைகளையும் சேர்த்து எழுத வேண்டியிருந்தது. பதிகங்கள் பாடப்பட்ட காலம் வேறு, தலங்களை நாடுவாரியாக அடுக்கிய பட்டியல் வேறு. தேவாரம் பண்முறையிலும் தலமுறையிலும் அடுக்கப்பட்டு வந்திருக்கிறது. பட்டியல் காவிரியை நடுக்கோடாகக் கொண்டதால் பாடியவர்களும் அப்படியே நாட்டைப் பார்த்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. இரண்டாவது, நாங்கள் அளந்தது இன்றைய காவிரியை. முக்கொம்பில் 1836இல் மேலணை எழுந்த பிறகு காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே நீர் பிரியும் பங்கே மாறியது. அதற்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் படுகையின் கிளைகள் எப்படி ஓடின என்பதற்கு இன்றைய கோடு சாட்சி ஆகாது. ஆற்றின் அட்டவணையிலும் ‘எந்தக் காலத்துக் கோடு’ என்று ஒரு பத்தியைச் சேர்த்தோம்.

ஒரு விஷயத்தில் இரண்டு கருவிகளையும் எச்சரிக்கையோடுதான் கையாள வேண்டும். வழிபாடு குறைந்த சிறு கோயில், காட்டுக்குள் கிடக்கும் ஈமக்காடு, காவலில்லாத செப்புத்திருமேனி இவற்றின் துல்லியமான இடத்தை வெளியே தருவது திருடர்களுக்கு வழி சொல்வதாக முடியலாம். மை மேப்ஸ் படத்தின் இணைப்பை யாருக்கோ அனுப்பினால் அது யார் யாருக்குப் போகும் என்று சொல்ல முடியாது. கியூஜிஐஎஸ் கோப்பு நம் கணினியில் இருக்கிறது, வெளியிடும்போது எண்களை வேண்டுமென்றே தோராயமாக்கி வெளியிடலாம். அதேபோல் நிலைத்தல். அட்டவணையை இணையத்திலேயே வரைபடமாக்கித் தந்த ஃப்யூஷன் டேபிள்ஸ் என்ற கூகுள் சேவை 2009இல் வந்து 2019 டிசம்பரில் மூடப்பட்டது. நிறுவனத்துக்கு அது ஒரு முடிவு. அதை நம்பிப் படம் செய்தவர்களுக்கு எல்லாவற்றையும் வேறிடத்துக்குப் பெயர்த்துக் கொண்டுபோகும் வேலை. முனைவர் பட்ட ஆய்வு ஐந்தாறு ஆண்டுகள் நடக்கும், அதன் தரவு அதற்குப் பிறகும் பத்திருபது ஆண்டுகள் வாழ வேண்டும். அதைச் சொந்தக் கணினியில், எந்த மென்பொருளும் திறக்கக்கூடிய வடிவத்தில் வைத்துக்கொள்வதுதான் முறை.

கற்கும் வரிசையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதல் வாரம் கூகுள் எர்த், வெறுமே பார்ப்பதற்கு, ஒரு குண்டூசியும் வேண்டாம். இரண்டாவது வாரத்திலிருந்து கணினி வரைபடத்தை மூடிவிட்டு அட்டவணை மட்டும், இடத்துக்கு ஒன்று, பெயருக்கு ஒன்று. அது எவ்வளவு காலம் எடுக்கிறதோ எடுக்கட்டும். அதற்குப் பிறகு கியூஜிஐஎஸ். ப்ரோகிராமிங் ஹிஸ்டாரியன் என்ற இணையத்தளம் மனிதவியல் ஆய்வாளர்களுக்காகவே கியூஜிஐஎஸ் பாடங்களை இலவசமாக வைத்திருக்கிறது, ஆங்கிலம், ஸ்பானியம், பிரெஞ்சு, போர்த்துகீசு மொழிகளில். தேவாரத்தையும் கல்வெட்டையும் எடுத்துக்காட்டாக வைத்துத் தமிழில் அப்படி ஒரு பாடத்தொடர் எழுதப்பட வேண்டும் என்பது என் ஆசை. பொத்தானின் பெயரை யாரும் சொல்லித் தந்துவிடலாம். சீர்காழியின் பன்னிரண்டு பெயரை எங்கே எழுதுவது என்பதைத் தமிழ் படித்தவர்தான் சொல்ல முடியும்.

மாணவி தன் படத்தைப் பெரிய தாளில் அச்சிட்டு ஒரு கருத்தரங்கில் மாட்டியிருந்தாள். பார்க்க வந்தவர்களில் வயதான ஓதுவார் ஒருவரும் இருந்தார். நிரம்பிய வட்டங்களை விரலால் தொட்டு ஊர்ப்பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தவர் ஒரு வெறும் வட்டத்தில் நின்றார். “இது மட்டும் ஏன் உள்ளே காலியா இருக்கும்மா?” என்றார். “இடம் உறுதியாத் தெரியலைங்க ஐயா, அதான்” என்றாள் அவள். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, தன் ஊருக்கு மேற்கே வயலுக்கு நடுவில் ஒரு மேடு இருப்பதையும், தாத்தா காலத்தில் அதற்கு வழங்கிய பெயரையும் சொல்லத் தொடங்கினார். அவள் பக்கத்து நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டு, மடிக்கணினியைத் திறந்து, அந்த வரிசைக்கு வந்து, ‘சொன்னவர்’, ‘ஊர்’, ‘நாள்’ என்று மூன்று பத்திகளைப் புதிதாகச் சேர்த்தாள்.